மொத்த வியாபாரிக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தென் மாவட்டங்களின் உணவுப் பொருள்களுக்காக மதுரையில் நடக்கும் கண்காட்சிகளில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் கோவில்பட்டி கடலைமிட்டாய், உடன்குடி கருப்பட்டி என்று ஸ்டால் போடுகிறவர்களுக்கு, கால் கிலோ வாங்கிப் போகிறவர்களைவிட மூட்டைக் கணக்கில் எடுக்கும் மொத்த வியாபாரிதான் முக்கியம். அவர் வரும் நேரத்தில் ஸ்டால்காரர் சில்லறை எண்ணிக்கொண்டிருப்பார். விலை பேசுவது எப்படி? முற்பகலில் 2 மணி நேரத்தை மொத்தக் கொள்முதலுக்கு மட்டும் ஒதுக்கலாமே!

கருப்பட்டிக்கு இது ரொம்ப அவசியம். பதநீர் இறங்கும் சில மாதங்களில்தான் காய்ச்ச முடியும். முன்கூட்டியே ஆர்டர் இல்லாவிட்டால், மழைக்காலத்தில் இளகிவிடுமே என்று பயந்து கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். 2023-ல் உடன்குடி கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தும் காய்ச்சுகிறவருக்கு என்ன பயன்?

அப்புறம், பணம். உத்யம் என்ற மத்திய அரசின் தொழில் பதிவைச் செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். கண்காட்சி நடத்துவோர் அந்தப் பதிவுக்கு அரங்கிலேயே ஒரு மேசை போட வேண்டும். ஆர்டர் படிவத்திலும் இந்த 45 நாள் கெடுவை அச்சிட வேண்டும்.

– ஒரு வாசகர், திருச்செந்தூர்