ரெக்கார்டா, டிஜிட்டலா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "ரெக்கார்டில் கேட்டால் டிஜிட்டலைவிட நன்றாக இருக்குமாமே, உண்மையா?" என்று கடையில் அடிக்கடி கேட்கிறீர்கள். கல்லாவில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. பெரிய தொகை போட்டு பிளேயர் வாங்குவதற்கு முன் விவரம் தெரிந்துகொள்வது நல்லது என்பதால் எழுதுகிறோம். நாங்கள் ரெக்கார்டும் விற்கிறோம், சிடியும் விற்கிறோம். எதை வாங்கினாலும் நீங்கள் நிறைவாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அளந்து பார்த்தால் சிடிதான் ஜெயிக்கும். 1982-ல் வந்த சிடி, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாக எழுதுகிறது. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே அது சுமார் 96 டெசிபல் இடைவெளி தரும். நல்ல எல்.பி.யில், அதாவது நீண்ட நேரம் ஓடும் பெரிய ரெக்கார்டில், அது 60, 70 டெசிபல்தான். டிஜிட்டல் ஒலி படிக்கட்டு மாதிரி துண்டு துண்டாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. நம் காதுக்கு எட்டுவது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ். அதுவரை உள்ள அலையை முழுசாகத் திரும்ப வரைய அந்த 44,100 அளவுகள் போதும். ஸ்பீக்கருக்குப் போவது வழுவழுப்பான அலைதான்.

ரெக்கார்டுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. வெளி ஓரத்தில் முள்ளுக்கு அடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. தடம் ஓடும். உள்ளே லேபிளை நெருங்கும்போது அது 21 செ.மீ.க்கு வந்துவிடும். அதே ஒரு நொடிப் பாட்டை பாதிக்கும் குறைவான நீளத்தில் அடைத்தாக வேண்டும். அதனால்தான் ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் 'ச', 'ஸ' வரும் இடமெல்லாம் சீறுகிறது. முதல் பாட்டில் அதே குரல் தெளிவாக இருக்கும். வீட்டில் போட்டுப் பாருங்கள், உடனே பிடிபடும்.

அப்படியென்றால் ரெக்கார்டில் கேட்டவர்கள் உருகுவது வெறும் பிரமையா? இல்லை. காரணம் பெரும்பாலும் மாஸ்டரிங்கில், அதாவது பாட்டை வெளியிடும் முன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்யும் வேலையில் இருக்கிறது. தொண்ணூறுகளிலிருந்து சிடிகளைப் போட்டி போட்டுக்கொண்டு சத்தமாக்கினார்கள். மிருதங்கத்தின் ஒவ்வொரு அடியும் எழுந்து அடங்க இடமில்லாமல், எல்லாம் ஒரே மட்டத்துக்கு நசுக்கப்பட்டது. எழுபது, எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகள் சிலவற்றுக்கு இதைவிடக் கொடுமை நடந்தது. இரைச்சலை நீக்குகிறேன் என்று வடிகட்டியதில் வயலின்களின் மேல் ஸ்தாயி மினுமினுப்பும், குரலுக்குப் பின்னால் மெல்ல அடங்கும் எதிரொலியும் சேர்ந்தே போய்விட்டன. அப்படிப்பட்ட பாட்டுக்கு, கீறல் இல்லாத அந்தக் காலத்து ரெக்கார்டு கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். இது எங்கள் உறுதியான கருத்து.

இன்றைய படப் பாட்டுகளின் கதை வேறு. பதிவு, மிக்ஸிங் எல்லாமே கணினியில்தான். அந்த டிஜிட்டல் கோப்பிலிருந்துதான் பொதுவாக எல்.பி.க்கும் தடம் வெட்டுகிறார்கள். பெரிய அட்டையும், கையில் எடுத்துப் போட்டுக் கேட்கும் சுகமும் வேண்டுமென்றால் வாங்கலாம். ஒலி கூடும் என்பதற்காக மட்டும் வேண்டாம்.

ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் இரண்டு விஷயத்தில் ஏமாறுகிறார்கள். பென் டிரைவில் கிடக்கும் பழைய 128 கேபிபிஎஸ் எம்பி3-யை வைத்து டிஜிட்டலை எடைபோடக் கூடாது. அதில் ஜால்ரா ஒலியே தண்ணீரில் கரைந்த மாதிரி கேட்கும். 320 கேபிபிஎஸ் எம்பி3 அல்லது ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பு எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், இரண்டையும் ஒரே சத்தத்தில் வையுங்கள். ஒரு டெசிபல் கூடினாலே காது அதைத்தான் 'நல்லது' என்று சொல்லும்.

சரி, ரெக்கார்டு என்று முடிவு செய்துவிட்டீர்களா? முதல் செலவு முள்ளுக்கு. வைர முள் நன்றாகப் பராமரித்தால் 500 முதல் 1,000 மணி நேரம் உழைக்கும். தேய்ந்த முள் தடத்தையே செதுக்கிவிடும். செதுக்கிய தடத்தை யாராலும் சரிசெய்ய முடியாது. முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜில், நல்லவை பலவும் இரண்டு கிராம் அழுத்தத்துக்குள்ளேயே ஓடும். பெட்டி மாதிரி வரும் மலிவு பிளேயர்கள் பலவற்றில் அது நான்கைந்து கிராம் வரை போகும். அப்பா, தாத்தா சேர்த்து வைத்த தட்டுகளை அதில் போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம்.

"புது பிளேயரில் சத்தமே இல்லை, பேஸும் இல்லை" என்று வருகிறவர்களுக்கு: தடம் வெட்டும்போது பேஸைக் குறைத்து, கீச்சொலியைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். அதைத் திருப்பி நேராக்குவது ஃபோனோ ஸ்டேஜ் என்ற சின்ன சர்க்யூட். அது இல்லாமல் ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸ் என்ற சாதாரண உள்ளீட்டில் நேராகச் செருகினால் அப்படித்தான் கேட்கும். பிளேயரில் பழுது இல்லை. பின்பக்கம் ஃபோனோ, லைன் என்று சுவிட்ச் இருந்தால் லைனுக்குத் தள்ளிவிடுங்கள்.

பழைய 78 வேகத் தட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவை பெரும்பாலும் அரக்கில் செய்தவை. ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்தால் கரைந்துவிடும். எல்.பி. முள்ளும் அவற்றுக்குப் பொருந்தாது, தடம் அகலம். அதற்கென்று தனி முள் வேண்டும்.

உங்கள் பிளேயரின் முள்ளைக் கழற்றி எடுத்து வாருங்கள். நுண்ணோக்கியில் வைத்துத் தேய்மானத்தை நீங்களே பார்க்கலாம், கட்டணம் கிடையாது. வரும்போது உங்களுக்குப் பிடித்த ஒரு ரெக்கார்டையும், அதே பாட்டை சிடியிலோ ஃபிளாக்கிலோ கொண்டுவந்தால் சத்தத்தைச் சமமாக்கி மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுகிறோம். சனி, ஞாயிறுகளில் கூட்டம் இருக்கும். வார நாள் மாலை என்றால் உட்கார்ந்து நிதானமாகக் கேட்கலாம்.

அன்புடன்,
கடையிலிருந்து உங்கள் நண்பர்கள்