பூனைப்பருந்து கண்காணிப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் இவ்வாண்டுப் பணியில் பெரும்பகுதி, திருநெல்வேலி மாவட்டத்துப் புல்வெளி ஒன்றில் குளிர்காலத்தைக் கழிக்க வரும் பூனைப்பருந்துகளைக் கவனித்துப் படமெடுப்பதிலேயே கழிந்தது. கஜகஸ்தான் போன்ற நாடுகளின் புல்வெளிகளில் கூடுகட்டும் இவை, பகலெல்லாம் தரையோடு தாழப் பறந்து வெட்டுக்கிளிகளையும் சிறு பறவைகளையும் பிடித்துத் தின்றுவிட்டு, பொழுது சாயும்போது திரும்பிவந்து, மரங்களை நாடாமல் புல்லின் நடுவே தரையிலேயே கூட்டமாக உறங்குகின்றன. எனவே அவை இறங்குமுன் வட்டமிடும் சிறிது நேரமே நமக்கு வாய்ப்பது.

இவற்றுள் மாண்டேகு பூனைப்பருந்து என்னும் இனத்தின் ஆணுக்குச் சாம்பல்நிற இறக்கையின் மேற்புறத்தில் குறுக்கே ஒரு கருங்கோடு உண்டு. வெளிர் பூனைப்பருந்தின் ஆணுக்கு அக்கோடு இல்லை, இறக்கை நுனியில் ஆப்புப் போன்ற கறுப்பு மட்டுமே தெரியும். பெண்களும் இளம்பறவைகளும் இரண்டு இனத்திலும் பழுப்பாக, வாலடியில் வெள்ளையோடு இருப்பதால், படம் இல்லாமல் அவற்றைப் பிரித்தெழுதுவது பெரும்பாலும் ஊகமே. செந்நிற வானத்தில் நிழலாகத் தெரியும் பருந்துப் படங்களை உறுப்பினர்கள் ஆர்வத்துடன் அனுப்பினாலும், அவை பதிவுக்கு உதவவில்லை. 1/2000 வினாடியில், வெளிச்ச அளவை ஒரு படி கூட்டி எடுத்த, புள்ளிபுள்ளியாகத் தெரிந்தாலும் இறக்கையின் அமைப்பு விளங்கும் படங்களையே ஏற்றுக்கொண்டோம்.

ஜனவரியில் ஒரு மாலை, நெருங்கிப் படமெடுக்கும் ஆசையில் இருவர் புல்லுக்குள் நடந்தபோது, இறங்கியிருந்த பறவைகள் அனைத்தும் எழும்பி, நன்றாக இருட்டும்வரை மீண்டும் இறங்கவில்லை. அவ்விருவருள் செயலாளராகிய நானும் ஒருவன் என்பதை வருத்தத்துடன் பதிவுசெய்கிறேன். அதன்பின் கூடிய செயற்குழு, வண்டிப்பாதையை விட்டு இறங்குவதையும், பிளாஷ், டார்ச், டிரோன் ஆகியவற்றைப் பயன்படுத்துவதையும் தடைசெய்ததோடு, படங்களை வெளியிடும்போது இடத்தை மறைக்கவேண்டும் எனவும் தீர்மானித்தது. இவ்வறிக்கையில் ஊர்ப்பெயர் இல்லாததும் அதனாலேயே.

இத்தகைய நிலங்கள் வெறும் தரிசாகவே கருதப்படுவதால், நல்லெண்ணத்துடன் நடப்படும் மரக்கன்றுகளே இப்பறவைகளின் தங்குமிடத்தை அழித்துவிடக்கூடும் என்பதை விளக்கி, மாவட்ட நிர்வாகத்திற்கு ஒரு மனு அளிக்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். எண்ணுவதையும் படமெடுப்பதையும் ஒருவரே செய்ய இயலாது என்று இவ்வாண்டு கண்டோமாதலால், வரும் பருவத்தில் ஒவ்வொரு மாலைக்கும் இருவர் தேவைப்படுகின்றனர். விரும்புவோர் செப்டம்பருக்குள் பெயர் கொடுக்க வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்