அண்ணா, நான் ஓஷ்கோஷ் போயிட்டு வந்துட்டேன்

அண்ணா,

அப்பாவோட முதல் வருஷத் திதி நேத்து முடிஞ்சது. நீ வீடியோ கால்ல வந்த, பூசாரி பாதி சொல்லிட்டிருக்கும்போதே ஆஸ்திரேலியாவுல, உங்க பெர்த்ல நேரமாச்சுன்னு கட் பண்ணிட்ட. பரவாயில்ல. நான் எழுத வந்தது அது இல்ல. அமெரிக்காவுல ஓஷ்கோஷ் விமானத் திருவிழாவுல எடுத்த என் போட்டோவை ஃபேஸ்புக்ல பார்த்துட்டு ஒரு கட்டைவிரல் போட்டியே, அதுக்குத்தான் பதில் எழுதுறேன். அந்த போட்டோவை நான் போடல, கூட வந்தவங்க போட்டாங்க. உனக்கு முதல்ல நானே சொல்லணும்னு இருந்தேன், சொல்லாமலே மூணு வாரம் ஓடிப்போச்சு.

தமிழ்ல எழுதுறதுக்கு காரணம் இருக்கு. இங்கிலீஷ்ல எழுதினா இங்க டர்பன் ஊர் முழுக்க படிச்சு ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. தமிழ்ல எழுதினா நீ படிப்ப, மெரபேங்க் தமிழ்ப் பள்ளிக்கூடத்துல அப்பாகிட்ட அடி வாங்கின நாலு பேர் படிப்பாங்க, சித்தி படிப்பாங்க. சித்தி, படிக்கிறீங்கன்னா தயவுசெஞ்சு போன் பண்ணாதீங்க, இது எங்க ரெண்டு பேருக்குள்ள.

அந்தத் திருவிழா எங்கெங்க நடந்துச்சுன்னு நீ மனப்பாடமா ஒப்பிப்பியே, 1953ல மில்வாக்கி, அப்புறம் ராக்ஃபோர்ட், 1970ல இருந்து ஓஷ்கோஷ்னு, தேவாரம் சொல்ற மாதிரி. லைப்ரரி மேகசீன்ல நீ காட்டின போட்டோல இருந்தது எல்லாம் அப்படியேதான் இருக்கு அண்ணா, ஆனா எவ்வளவு பெருசுன்னு போட்டோல தெரியவே தெரியாது. சிக்காகோல இறங்கி பஸ்ல மூணு மணி நேரம், சுத்தி சோளக்காடு, திடீர்னு புல்வெளி முழுக்க இறக்கை, ஒவ்வொரு இறக்கைக்கு அடியிலயும் ஒரு டென்ட், காலையில ஒரு அம்மா ப்ரொபெல்லர்ல துண்டு காயப்போட்டிருக்காங்க. 2025ல, நான் போன வருஷம், மொத்தம் 7,04,000 பேர் வந்தாங்களாம், அந்த ஏரியாவுக்கு வந்த பிளேன் மட்டும் 10,000க்கு மேல. அத்தனை கூட்டத்துல நம்ம தென்னாப்பிரிக்கக் கொடியைப் பார்த்தேன். ஜொகானஸ்பர்க்ல செய்யுற ஸ்லிங் பிளேன், 2009ல ரெண்டு பேர் அதுல உலகத்தையே சுத்தி வந்தாங்களே, அந்த கம்பெனி. இறக்கையைத் தொட்டுட்டு கொஞ்ச நேரம் அங்கயே நின்னேன். புதன்கிழமை ராத்திரி ஷோ, இறக்கையில இருந்து மத்தாப்பு கொட்டிட்டே பிளேன் சுத்துது, எல்லாரும் கத்துறாங்க. அழகுதான். ஆனா என்னை உலுக்கினது அது இல்ல.

தொடங்குறதுக்கு முந்தின நாள், ஞாயித்துக்கிழமை, ரன்வே பக்கத்துல ஒருத்தர்கிட்ட ரேடியோ வாங்கி காதுல வச்சிருந்தேன். ரிப்பன்ங்கிற ஊர்ல இருந்து கீழ ஓடுற ரயில் தண்டவாளத்தைப் பிடிச்சுக்கிட்டு பைலட்டுங்க ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா பறந்து வர்றாங்க, 1,800 அடி உயரம், 90 நாட் வேகம், நடுவுல அரை மைல். வழியில ஃபிஸ்க்ங்கிற ஊர்ல கீழ உட்கார்ந்திருக்கிற கன்ட்ரோலர், பேரோ நம்பரோ கேக்குறதில்ல. வெள்ளைக் கலர், மேல் இறக்கை, உன் இறக்கையை ஆட்டுங்கிறார். பைலட் வாய் திறக்கக் கூடாது, திறந்தா அந்த அலைவரிசை நெரிசல்ல யாருமே இறங்க முடியாது. இறக்கையை இப்படியும் அப்படியும் ஒரு ஆட்டு. நல்லா ஆட்டின, போன்னு விட்டுடுறாங்க. ரன்வேல பெரிய பெரிய கலர் புள்ளி போட்டு வச்சிருக்காங்க, நீ பச்சையில இறங்கு, நீ ஆரஞ்சுல இறங்குன்னு, ஒருத்தர் முன்னால ஓடிட்டு இருக்கும்போதே அடுத்தவர் பின்னால தொடுறார். அப்போ ஒரு பழைய செஸ்னா 150, ரெண்டு சீட்டு குட்டி பிளேன், வந்துச்சு. தொட்டுச்சு, ஒரு தடவை எகிறுச்சு, அப்புறம் உட்கார்ந்துச்சு.

எனக்கு நம்ம டர்பன் விர்ஜினியா ஏர்போர்ட் ஞாபகம் வந்துடுச்சு அண்ணா. கடலை ஒட்டின அந்த ரன்வே, 1994, சனிக்கிழமை. மாமாவோட பக்கியில, அந்த பிக்கப் வண்டியில, போனோம். நான் வேலி ஓரமா ஃபிளாஸ்க்கை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். இன்ஸ்ட்ரக்டர் கதவைத் திறந்து இறங்கி ஹெட்செட்டைக் கையில வச்சுக்கிட்டு புல்லுல நடந்து வர்றார், முதல் தடவையா உள்ள நீ மட்டும். ஒரு ஆள் பாரம் குறைஞ்சதால பிளேன் வழக்கத்தை விட சீக்கிரம் எழும்புச்சு, எனக்கு பகீர்னு ஆச்சு. ஒரே ஒரு சுத்து. இறங்கும்போது ஒரு எகிறு. அப்புறம், முதல் தடவை தனியா பறந்தவங்களுக்குச் செய்யுற மாதிரி, உன் தலையில ரெண்டு வாளித் தண்ணி ஊத்தினாங்க. நீ சிரிச்ச. அந்தச் சிரிப்பை அதுக்கப்புறம் உன் கல்யாணத்துல கூட நான் பார்க்கல. வீட்டுக்கு வந்ததும் அம்மா, சளி பிடிச்சுக்கும்னு திட்டிக்கிட்டே முந்தானையால உன் தலையைத் துவட்டினாங்க. அப்பா சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் ஒண்ணும் பேசல. சாப்பிட்டு முடிச்சதும் சொன்னார். அதை இங்க எழுத மாட்டேன்.

எழுத வேண்டியது வேற ஒண்ணு இருக்கு, அது உனக்குத் தெரியாது.

அப்பாவுக்கு வேலை போச்சுன்னு வந்த ஃபேக்டரி லெட்டரை நான் அன்னிக்கு காலையிலயே பார்த்துட்டேன். அப்பா சட்டையை அயர்ன் பண்ண எடுத்தப்போ பாக்கெட்ல இருந்துச்சு. வேலி ஓரமா உட்கார்ந்து நீ பறக்கிறதைப் பார்த்தப்போ எனக்குத் தெரியும், கிளிம் பால்பவுடர் டின்ல சேர்த்து வச்சிருக்கிற காசு ஒருத்தருக்குத்தான் வரும்னு. என் டீச்சர் ட்ரெயினிங் அட்மிஷன் வந்து நாலு நாள்தான் ஆகியிருந்துச்சு. நான் ஒரு வருஷம் நிக்கிறேன், அண்ணா முடிக்கட்டும்னு சொல்லியிருக்கலாம். ராத்திரி அப்பா என் முகத்தைத்தான் முதல்ல பார்த்தார். நான் தட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். நீதான் சொன்ன, அவ படிக்கட்டும்பா, ஃபிளையிங் எங்கே ஓடிப்போகுதுன்னு.

மன்னிச்சுக்க. முப்பது வருஷம் லேட். ஆனா பத்தொன்பது வயசுப் பொண்ணு அண்ணா நான், அதை விட்டிருந்தா எனக்கு அடுத்து வந்திருக்கப் போறது மாப்பிள்ளைதான்னு உனக்கும் தெரியும். அந்த டீச்சர் சம்பளத்துலதான் அம்மாவோட டயாலிசிஸ் ஓடுச்சு. அப்பா கடைசி ரெண்டு வருஷம் ராத்திரி ராத்திரி எழுந்து, நம்ம வீட்டுப் பக்கத்து பெரிய ஏர்போர்ட் சத்தம் ஏன் கேக்கல, ஏன் கேக்கலன்னு கேட்டார். அது 2010லயே மூடி லா மெர்சிக்குப் போயிடுச்சுப்பான்னு ஒவ்வொரு ராத்திரியும் நான் சொன்னேன். நீ சொல்லல. நீ பணம் அனுப்பின, ஒரு மாசம் கூட தவறாம அனுப்பின, இல்லன்னு யாரும் சொல்லல. ஆனா கேட்ட கேள்விக்கு பதில் சொன்னது நான்தான்.

1995 ரக்பி ஃபைனல் அன்னிக்கு எல்லிஸ் பார்க் மேல ஜம்போ ஜெட் தாழ வந்துச்சே, தெருவே கத்துச்சு, நீ மட்டும் டிவியை விட்டு எழுந்து வெளியே போய் சும்மா நின்ன பக்கியைக் கழுவ ஆரம்பிச்ச. அன்னிக்கு நான் பின்னாடியே வந்திருக்கணும். வரல.

ஏன் உன்கிட்ட சொல்லாம போனேன்னா, சொன்னா நீ போயிட்டு வாம்மான்னு சொல்லுவ. அந்த அமைதியான குரல்ல சொல்லுவ. நான் டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டு உட்கார்ந்திருப்பேன். ரெண்டு பேரும் சேர்ந்து போகணும்னு பேசினது எனக்கு மறக்கல, ஆனா அம்பது வயசுக்கு மேல ஆச்சு, பென்ஷன் காசு கையில இருந்துச்சு, நான் ஒரு தடவையாவது உன் அனுமதி இல்லாம ஒரு நல்ல விஷயத்தைப் பார்க்கணும்னு நெனச்சேன். இதுல தப்பு எங்கேன்னு இன்னமும் எனக்குத் தெரியல, ஆனாலும் அந்த செஸ்னா எகிறினப்போ பக்கத்துல திரும்பி உன்னைத் தேடினேன்.

உன் கட்டைவிரலைப் பார்த்ததும் முதல்ல ஃபிஸ்க்தான் ஞாபகம் வந்துச்சு. பேச முடியாதவங்க இறக்கையை ஆட்டுற மாதிரி, சரி, கேட்டுச்சு, பார்த்துட்டேன்னு சொல்றியோன்னு சந்தோஷப்பட்டேன். ரெண்டு நாள் அப்படித்தான் இருந்தேன். மூணாவது நாள் கோவம் வந்துச்சு. நீ ஒண்ணும் ஃபிஸ்க் மேல பறக்கல அண்ணா, உனக்குப் பின்னாடி யாரும் வரிசையில நிக்கல, நீ வாய் திறந்து பேசலாம்.

நீ பறந்த நேரமெல்லாம் எழுதி வச்ச உன் லாக்புக் என்கிட்ட இருக்கு. அப்பா பீரோல வீட்டுப் பத்திரத்தோட சேர்த்து வச்சிருந்தார். 14.3 மணி நேரம், கடைசி வரி அந்த சனிக்கிழமை. ஓஷ்கோஷுக்கு அதையும் பையில எடுத்துட்டுத்தான் போனேன், யார்கிட்டயும் காட்டல. தபால்ல அனுப்ப மாட்டேன், தொலைஞ்சிடும். டிசம்பர்ல அண்ணியோட வந்து வாங்கிக்க. வரலன்னா வரலன்னு ரெண்டு வரி எழுது, திட்டணும்னா திட்டியே எழுது. கட்டைவிரல் மட்டும் போடாதே.

தங்கச்சி