நாற்காலிக் கணக்கும் நாடாளுமன்றக் கணக்கும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் போன மாதமே வந்துவிட்டது. கண்புரை அறுவை முடிந்து சில நாள் படிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மருமகள்தான் வாசித்துக் காட்டினாள். இன்றைக்குத்தான் நானே உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன். உனக்கு முழங்கால் வலி குறைந்து மாடி ஏற முடிகிறது என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி. நடப்பதை மட்டும் விட்டுவிடாதே.

உன் பேத்தி சட்டம் படிக்கச் சேர்ந்ததும் கேட்ட முதல் கேள்வியே நல்ல கேள்வி. மக்களவை வேட்பாளர் பெரிய மாநிலங்களில் 95 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது, சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சத்துக்கு மேல் கூடாது. அப்படியென்றால் கட்சிக்கு எவ்வளவு? "நீதானே செலவுக் கணக்குக் குழுவில் வேலை பார்த்தாய், நீயே பதில் எழுது" என்று என்னிடம் தள்ளிவிட்டாய். சரி, எழுதுகிறேன்.

கட்சிக்கு வரம்பே கிடையாது. எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. நாங்கள் ஒவ்வொரு வேட்பாளருக்கும் நிழல் பதிவேடு என்று ஒன்று வைத்திருப்போம். கூட்டம் முடிந்த மறுநாள் வீடியோ குழு எடுத்த படத்தைப் போட்டுப் பார்த்து நாற்காலி, கொடி, குழல் விளக்கு, ஒலிபெருக்கி எல்லாவற்றையும் எண்ணுவோம். மாவட்டத்தில் நிர்ணயித்த விலைப்பட்டியலால் பெருக்கி எழுதுவோம். வேட்பாளர் தரும் கணக்கோடு அதை ஒத்துப் பார்ப்பார்கள். ஒரு தேர்தலில் கட்சித் தலைவர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார். பெரிய மைதானம், நாற்காலிகளை எண்ணி முடிக்கவே எங்களுக்கு அரை நாள் ஆனது. ஆனால் வேட்பாளர் மேடை ஏறவில்லை. அவர் படம் எங்கும் இல்லை. தலைவர் கட்சிக்கும் சின்னத்துக்கும் மட்டும் ஓட்டுக் கேட்டுவிட்டு, வேட்பாளர் பெயரைச் சொல்லாமலே போய்விட்டார். விதிப்படி அந்த மைதானம் முழுக்கக் கட்சிச் செலவு. ஹெலிகாப்டர் எப்படியும் வேட்பாளர் கணக்கில் வராது. என் பதிவேட்டில் அந்த நாளுக்கு எழுத ஒன்றுமே இல்லை. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஐம்பது கொடிக்கும் நூறு டீக்கும் கணக்குக் கேட்டு ஒரு சுயேச்சையை அலைக்கழித்தது அதற்கு முந்தின நாள்தான்.

இந்த வழி எங்கிருந்து வந்தது என்று ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன். உன் பேத்தி முதலில் படிக்க வேண்டியது இதைத்தான். 1971 தேர்தலில் தில்லி சதர் தொகுதியில் அமர்நாத் சாவ்லா ஜெயித்ததை எதிர்த்து கன்வர் லால் குப்தா வழக்குப் போட்டார். 1974 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேட்பாளருக்குத் தெரிந்து, அவர் ஏற்றுக்கொண்டு, அவருக்காகக் கட்சி செய்யும் செலவும் அவருடைய செலவுதான் என்றது தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி பகவதி. பணமில்லாதவரும் போட்டியிட முடிய வேண்டும் என்பதற்காகத்தானே வரம்பு, கட்சி வழியாகச் செலவு செய்தால் விட்டுவிடலாம் என்றால் வரம்புக்கே அர்த்தமில்லை என்பது அவர் வாதம். எனக்கு இதில் மறுக்க ஒன்றும் தெரியவில்லை.

தீர்ப்பு வந்த அதே மாதம் அவசரச் சட்டம் வந்தது. ஆண்டு முடிவதற்குள் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 77வது பிரிவில் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். கட்சியோ வேறு யாரோ செய்யும் செலவு வேட்பாளர் செலவாகக் கருதப்படாது என்று அதில் எழுதிவிட்டார்கள். 2003இல்தான் அதைச் சுருக்கி, தலைவர்களின் பயணச் செலவுக்கு மட்டும் விலக்கு என்று மாற்றினார்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு நாற்பது தலைவர்கள், மற்றப் பதிவு பெற்ற கட்சிக்கு இருபது. இருபதாயிரத்துக்கு மேல் கொடுத்தவர் விவரத்தைக் கட்சிகள் தேர்தல் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும் என்பதும் அந்தத் திருத்தத்தில் வந்ததுதான். அது நல்ல திருத்தம். அந்த மசோதா, மசோதாக்களை ஆராயும் எம்.பி.க்கள் குழுவான நிலைக்குழுவுக்குப் போய் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நாலு பேர் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தால் சட்டம் எப்படி மாறுகிறது என்பதற்கு அது நல்ல உதாரணம்.

கம்பெனிப் பணத்தின் கதை இன்னும் நீளம். 1957இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் டாட்டா இரும்பாலை வழக்கு வந்தது. கட்சிகளுக்கு நன்கொடை தரக் கம்பெனிக்கு அனுமதி கொடுத்த தலைமை நீதிபதி சாக்ளாவே, இதில் ஜனநாயகத்துக்கு ஆபத்து இருக்கிறது, நாடாளுமன்றம் கவனிக்க வேண்டும் என்று எழுதினார். 1969இல் கம்பெனி நன்கொடையையே தடை செய்தார்கள். பணம் நின்றுவிட்டதா? கட்சிகள் வெளியிட்ட சிறப்பு மலர்களில் பக்கம் பக்கமாக விளம்பரமாக வந்தது, அப்புறம் கணக்கில் வராத ரொக்கமாக வந்தது. 1985இல் தடையை எடுத்து, சராசரி லாபத்தில் 5 சதவீதம் வரை தரலாம் என்றார்கள். 2013 கம்பெனிச் சட்டத்தில் அது 7.5 சதவீதம் ஆனது. 2017இல் நிதிச் சட்டத்தின் வழியாக உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கம்பெனி தன் கணக்கில் காட்டவும் வேண்டாம் என்றார்கள். கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல் வங்கியில் வாங்கிக் கட்சிக்குத் தரும் தேர்தல் பத்திரத்துக்கு வழி திறந்ததும் அதே நிதிச் சட்டம்தான்.

என் ஆதங்கம் முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது. வரிக்கும் பட்ஜெட்டுக்குமான நிதி மசோதாவில், நாற்பதோடு நாற்பத்தொன்றாக இதைச் சேர்த்தார்கள். அது பண மசோதா என்பதால் மாநிலங்களவை யோசனை சொல்லலாம், கட்டாயப்படுத்த முடியாது. 2017 மார்ச் 29 அன்று மாநிலங்களவை ஐந்து திருத்தங்களை நிறைவேற்றியது. மறுநாளே மக்களவை அத்தனையையும் தள்ளிவிட்டது. ஒரு நாட்டின் கட்சிகளுக்கு யார் பணம் தருகிறார்கள் என்பதை மக்கள் தெரிந்துகொள்ளலாமா என்ற கேள்விக்கு ஒரு முழு நாள் விவாதம் கூடக் கிடைக்கவில்லை. ஏழு வருஷம் கழித்து, 2024 பிப்ரவரி 15 அன்று, ஐந்து நீதிபதிகள் தேர்தல் பத்திரத்தையும் உச்சவரம்பு நீக்கத்தையும் செல்லாது என்றார்கள். அவையில் நடந்திருக்க வேண்டிய விவாதம் நீதிமன்றத்தில் நடந்தது.

ஆளுங்கட்சி மட்டும்தான் காரணம் என்று நீ நினைத்தால் இன்னொன்றையும் பார். 2014இல் தில்லி உயர் நீதிமன்றம், காங்கிரஸும் பா.ஜ.க.வும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறிப் பணம் வாங்கியதாகச் சொன்னது. 2016 நிதிச் சட்டம், வெளிநாட்டு நன்கொடை என்பதற்கான விளக்கத்தையே 2010இலிருந்து முன்தேதியிட்டு மாற்றியது. ஆனால் வழக்கில் இருந்த நன்கொடைகள் அதற்கும் முந்தியவை, பழைய 1976 சட்டத்தின் கீழ் வருபவை. அதனால் 2018இல் மறுபடி திருத்தி, 1976 ஆகஸ்ட் வரை பின்னால் போனார்கள். அந்த மசோதா மக்களவையில் விவாதமே இல்லாமல், கூச்சலுக்கு நடுவே நிறைவேறியது. இரண்டு பெரிய கட்சிகளுக்கும் பலன் தந்த திருத்தம் அது. எதிர்த்து அழுத்தமாகக் கேட்க அவையில் யாருக்கு என்ன அவசியம்?

தேர்தல் செலவை அரசே ஏற்றால் இதெல்லாம் தீரும் என்று எழுதியிருக்கிறாய். 1998இல் இந்திரஜித் குப்தா குழுவும் ஓரளவுக்கு அதைத்தான் சொன்னது. ரொக்கமாக வேண்டாம், பொருளாகவும் வசதியாகவும் கொடுக்கலாம் என்றது. நான் உன்னோடு இதில் ஒத்துப்போக மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. கட்சிச் செலவுக்கு வரம்பு வைக்காமல் அரசுப் பணத்தைக் கொடுத்தால், அது மற்றப் பணத்தின் மேல் இன்னொரு அடுக்காகத்தான் உட்காரும். முதலில் வரம்பு வரட்டும். பிரிட்டனில் வேட்பாளருக்கு 1883லேயே வரம்பு வைத்தவர்கள், கட்சியின் தேசியச் செலவுக்கு 2000இல் சட்டம் போட்டு வரம்பு வைத்தார்கள். அத்தனை வருஷம் ஆனாலும் செய்தார்கள். நம் அவையிலும் தனி மசோதாவாக வரட்டும், நிலைக்குழுவுக்குப் போகட்டும், யார் என்ன பேசினார்கள் என்பது பதிவாகட்டும்.

பேத்தியிடம் ஒரு வேலை சொல். 1974 இறுதியில் இரண்டு அவைகளிலும் நடந்த விவாதப் பதிவுகளை நாடாளுமன்றத்தின் இணையதளங்களில் தேடச் சொல். அந்த விளக்கத்தை எதிர்த்துப் பேசியவர்கள் யார், என்ன காரணம் சொன்னார்கள் என்று அவள் குறித்து வைக்கட்டும். எனக்கும் ஒரு பிரதி எடுத்து அனுப்பினால் நல்லது, கொஞ்சம் பெரிய எழுத்தில். அடுத்த மாதம் புதுக் கண்ணாடி வந்துவிடும்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய தோழன்