கலாவுக்கு, ஃபேர்பேங்க்ஸிலிருந்து

ஃபேர்பேங்க்ஸ், அலாஸ்கா
மார்ச் 13, 2022

அன்புள்ள கலா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்து ஒரே பதில். திட்டுவதானால் முதலிலேயே திட்டிவிடு, அப்புறம் படி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. வீட்டு வேலைக்கு அதற்குள் எழுந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். யார் சொன்னாலும் கேட்க மாட்டார்கள், விட்டுவிடு. நான் நலம். ரூத் பாட்டி நலம். நாம் தாசில்தார் என்று பெயர் வைத்த அண்டங்காக்கையும் நலம், அதே பார்க்கிங்கில் அதே விளக்குக் கம்பத்தில்தான் இருக்கிறார். இந்த வருடம் இன்னும் குண்டாகிவிட்டார்.

நீ கேட்டிருந்தாய்: "வர்ற டிசம்பர்ல பையனைக் கூட்டிக்கிட்டு வரட்டுமா? மைனஸ் நாற்பதுல யுனிவர்சிட்டியோட வெப்பநிலை காட்டுற போர்டு முன்னாடி அவனையும் நிக்க வெச்சு ஒரு போட்டோ எடுக்கணும்." இந்த ஒரு கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுத முடியாமல்தான் கடிதம் தள்ளிக்கொண்டே போனது. நீ விட்டுப்போன குளிர்காலம் இப்போது இங்கே இல்லை, கலா. டிசம்பர் 26ஆம் தேதி இங்கே மழை பெய்தது.

தூறல் இல்லை, மழை. நம் கேபின் இருக்கும் கோல்ட்ஸ்ட்ரீம் பள்ளத்தில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், தகரக் கூரையில் சடசடவென்று. அதற்கு முன்பே பனி ஏராளமாகக் கொட்டியிருந்தது. அந்தப் பனி மழையை உறிஞ்சிக்கொண்டு கூரைமேல் கனத்தது. நம் பெரியவர் டென்னிஸ் அந்த வயதில் மண்வெட்டியோடு கூரை ஏறிவிட்டார். இறங்கச் சொன்னதற்கு, "நீ வேண்டுமானால் கீழே நின்று ஏணியைப் பிடி" என்றார். பிடித்தேன். கோட்டும் கையுறையும் நனைந்து, நனைந்த இடமெல்லாம் மொடமொடவென்று உறைந்தது. மத்தியானம் கரண்ட் போனது. ஃபர்னஸ் ஓடவில்லை. பழைய விறகடுப்பைத்தான் மூட்டினோம். திங்கட்கிழமை அரசு அலுவலகங்களை மூடிவிட்டார்கள். டெல்டா ஜங்ஷனில் ஊருக்கே இருந்த ஒரே மளிகைக்கடையின் கூரை பாரம் தாங்காமல் விழுந்துவிட்டது. பனிக்காலத்தின் நடுவில் சாமான் வாங்க ஒரு ஊர் எங்கே போகும், யோசித்துப் பார். 1937க்குப் பிறகு நடுக்குளிரில் இப்படியொரு மழைப் புயல் வந்ததில்லை என்றார்கள். நெடுஞ்சாலைத் துறை அதற்கு 'ஐஸ்மகெடான்', அதாவது ஐஸால் வந்த உலகமுடிவு, என்று பெயர் வைத்தது.

அதே ஞாயிற்றுக்கிழமை தெற்கே கோடியாக் தீவில் 19.4 டிகிரி. (உனக்காகத்தான் செல்சியஸில் எழுதுகிறேன், இங்கே இருந்தபோதும் நீ ஃபாரன்ஹீட்டோடு மல்லுக்கு நின்றவள்.) டிசம்பர் மாதத்தில் அலாஸ்காவில் எங்குமே அவ்வளவு பதிவானதில்லை. முதல் நாள் கிறிஸ்துமஸ் அன்று கடற்கரை ஊரான கெட்சிகனில் மைனஸ் 18. வழக்கமாக மிதமாக இருக்கும் ஊர் உறைகிறது, உறைய வேண்டிய ஊரில் மழை பெய்கிறது.

வெப்பநிலை ஏறி இறங்குவது புதிதா என்று நீ கேட்பாய். இல்லை, அது இந்த ஊரின் சுபாவம். மத்தியானம் ஏன் சூடாகவே இல்லை என்று வந்த புதிதில் நீ என்னைப் பிய்த்தெடுத்தது நினைவிருக்கிறதா? டிசம்பர் 21 வாக்கில் சூரியன் 3 மணி 41 நிமிடம்தான் தலைகாட்டுகிறது. உச்சியிலும் தொடுவானத்துக்கு மேல் 2 டிகிரிகூட ஏறுவதில்லை. அந்த வெயில் எதையும் சூடாக்காது. அதனால் பகலா இரவா என்பதற்கு இங்கே பொருளே இல்லை. வானம் தெளிந்து காற்றும் அசையாமல் கிடந்தால் தரை தன் வெப்பத்தையெல்லாம் மேலே விட்டுக்கொண்டே இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் வந்து தேங்கிவிடும். நம் கேபினில் மைனஸ் 40 காட்டும்போது எஸ்டர் டோம் மலையில் மைனஸ் 20தான் இருக்கும். அங்கே குடியிருந்தவனோடு நீ சண்டை போட்டதற்குப் பாதிக் காரணம் அதுதானே! பிறகு ஒரு மேகம் வந்து மூடினால் போதும், நடுராத்திரியில்கூட சில மணி நேரத்தில் 15, 20 டிகிரி ஏறிவிடும். காலையில் எழுந்து வெளியே போனால் மூக்கு உறைந்து ஒட்டாது. "மேகம் வந்துடுச்சு" என்று கதவைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுவாய்.

தெற்குக் காற்று இன்னொன்று. பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று அலாஸ்கா மலைத்தொடரில் ஏறும்போது ஈரத்தை எல்லாம் அந்தப் பக்கமே கொட்டிவிடும். இந்தப் பக்கம் இறங்கும்போது காற்று அழுத்தப்பட்டு, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 10 டிகிரி சூடாகும். இதுதான் சினூக். நம் காலத்தில் சினூக் என்றால் ஜனவரியில் இரண்டு நாள் லீவு மாதிரி. வறண்ட வெதுவெதுப்பான காற்று வீசும், பனி கொஞ்சம் இளகும், எல்லோரும் தொப்பியைக் கழற்றிவிட்டு நடப்போம், அப்புறம் குளிர் திரும்பிவிடும். மலை நமக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தது. டிசம்பரில் வந்த காற்று ஹவாய்ப் பக்கத்திலிருந்தே ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்தது. அவ்வளவு ஈரத்தை மலையால் நிறுத்த முடியவில்லை.

எனக்கு மழையைவிட அதற்குப் பிறகு வந்த குளிர்தான் பெரிய துயரம். மாதக்கணக்கில் உறைந்து கிடந்த தார்ச்சாலையில் விழுந்த மழை, விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டது. உப்பு போட்டால் இளகும் குளிர் இல்லை இது. உப்பு வேலை செய்ய மைனஸ் 10க்கு மேலாவது இருக்க வேண்டும். வெயிலும் இல்லை. மணலையும் சரளையையும் தூவி, இயந்திரத்தால் கீறி விட்டார்கள். பெரிய சாலைகள் இப்போதுதான் பரவாயில்லை. நம் கேபினுக்குத் திரும்பும் அந்தச் சரிவில் டிசம்பர் 26இன் ஐஸ் மார்ச் நடுவிலும் அப்படியே இருக்கிறது. இரும்புமுள் பதித்த ஸ்டட் டயர் போட்டும் வண்டி பக்கவாட்டில் நழுவுகிறது. ரூத் பாட்டி ஜனவரி முழுக்க வாசல் தாண்டவில்லை. நான்தான் தண்ணீர் கேன்களைக் கொண்டுபோய் வைத்தேன். மைனஸ் 45இல் தனியாக விறகு பிளந்த மனுஷி அவள், கலா. குளிர் அவளை ஒருநாளும் வீட்டுக்குள் அடைத்ததில்லை.

போன வாரம் பனி அளக்கப் போயிருந்தோம். இடுப்பளவு குழி தோண்டி, ஒரு பக்கச் சுவரைச் செங்குத்தாகச் சீவி, தூரிகையால் மெல்லத் தடவினால் அடுக்குகள் தெரியும் அல்லவா? அடியில் வழக்கமான அடுக்கு: நிலத்தின் கதகதப்பும் மேலே உள்ள கடுங்குளிரும் சேர்ந்து உருவாக்கும் அந்தக் கரடுமுரடான படிகங்கள். கையில் அள்ளினால் கல்கண்டுத்தூளாக உதிர்ந்து ஓடும். அதற்கு மேலே டிசம்பர். கத்தியைச் செருகினேன், இறங்கவில்லை. விரல் தடிமனுக்கு ஒரு ஐஸ் பலகை, குழியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே சீராக. தட்டினால் டொக்கென்று சத்தம். அதன் கீழே வோல் எலி ஓடிய சுரங்கம் ஒன்று தெரிந்தது. பத்து அடி தள்ளி நரி கால் வைத்துத் தோண்டப் பார்த்த தடம், ஐஸில் நான்கு கீறல், பிறகு அது திரும்பிப் போன தடம். நான் அங்கேயே கொஞ்ச நேரம் மண்டியிட்டு அந்தக் கீறல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட வந்த மாணவன் படம் எடுக்கட்டுமா என்றான். எடுக்கச் சொன்னேன்.

மூஸ்கள், அந்தப் பெரிய மான்கள், இன்னும் பாவம். பனி நெஞ்சளவு, நடுவில் அந்தப் பலகை. ஒவ்வொரு அடிக்கும் கால் உடைத்துக்கொண்டு உள்ளே போய், ஐஸ் விளிம்பில் உரசித் தோல் கிழிகிறது. அதனால் மனிதன் போட்ட பாதையை விட்டு இறங்குவதே இல்லை. சாலை, ரயில் தண்டவாளம், ஸ்கீ தடம் என்று எங்கே கெட்டியாக இருக்கிறதோ அங்கே வந்து நிற்கின்றன. பிப்ரவரியில் இடிடராட் நாய்வண்டிப் பந்தயத்துக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் நாய்களை ஒரு மூஸ் தடத்திலேயே மறித்து ஒரு மணி நேரத்துக்குமேல் மிதித்தது. நான்கு நாய்களுக்குக் காயம். மூஸைக் குற்றம் சொல்லி எனக்கு மனசு வரவில்லை. பட்டினியில் எலும்பு தெரிய நிற்கும் பிராணிக்கு ஒதுங்க இடமில்லை.

டென்னிஸோடு இதைப் பற்றி வாக்குவாதம். "குளிர் குறைந்தால் ஸ்டவ் ஆயில் செலவு மிச்சம், நல்லதுதானே" என்கிறார். உடனே 1989 கதை. நீயும் தலைகீழாக ஒப்பிப்பாய்: ஜனவரி முடிவில் இங்கே அலாஸ்காவின் நார்த்வே ஊரில் காற்றழுத்தம் 1078.6 மில்லிபார், வட அமெரிக்காவிலேயே அதிகம், விமானங்களின் உயரமானியைச் சரிசெய்ய முடியாமல் பறக்காமல் நிறுத்தினார்கள், இவர் பிக்கப் மட்டும் முதல் சாவியிலேயே கிளம்பியது. கதை நல்ல கதைதான். ஆனால் அந்தக் குளிரைக் குறை சொல்வதுபோலத் தொடங்கி, பெருமையோடுதான் முடிக்கிறார், எப்போதும்.

நான் அவரிடம் சொன்னது இதுதான். காலநிலை ஆய்வாளர்கள் வெண்ட்லரும் ஷுல்ஸ்கியும் இங்கேயே உட்கார்ந்து 1906 முதல் 2006 வரை ஃபேர்பேங்க்ஸ் பதிவுகளை அலசிப் பார்த்தார்கள். ஆண்டுச் சராசரி மைனஸ் 3.6லிருந்து மைனஸ் 2.2 ஆகியிருக்கிறது. மைனஸ் 40க்குக் கீழே போகும் நாட்கள் வருடத்துக்கு 14லிருந்து 8ஆகக் குறைந்தன. செடி வளரும் பருவம் 85 நாளிலிருந்து 123 நாளாக நீண்டது. டென்னிஸின் முட்டைக்கோசுக்கு அது நல்லதாக இருக்கலாம். சராசரி மைனஸ் 2 என்பது உறைநிலைக்கு எவ்வளவு பக்கம் என்று பார். மைனஸ் 25இலிருந்து 20 டிகிரி ஏறினால் மைனஸ் 5, பனி பனியாகவே இருக்கும். மைனஸ் 15இலிருந்து அதே 20 டிகிரி ஏறினால் சுழியத்தைத் தாண்டிவிடும், மழையாகும். காற்று முன்போலவே ஆடினாலும், ஆட்டம் தொடங்கும் இடம் மேலே வந்துவிட்டது. 2010 நவம்பரிலும் இப்படி உறைமழை பெய்து ஊரை மூடினார்கள். இனி நம் ஆயுளுக்குள் எத்தனை முறை பார்ப்போம் என்று நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

இங்கே மனிதர்கள் குளிரை நம்பி வாழ்ந்தவர்கள், கலா. ஆறு உறைந்தால்தான் சாலை. பெத்தல் பக்கம் குஸ்கோக்விம் ஆற்றின் ஐஸ்மேல்தான் கார் ஓட்டி அடுத்த கிராமத்துக்குப் போகிறார்கள். ஐஸ் எப்போது பிடிக்கும், எவ்வளவு தாங்கும் என்று தாத்தா பேரனுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு இருக்கிறது. நடுக்குளிரில் மழை பெய்தால் அந்தக் கணக்கை எவன் நம்பிக் கால் வைப்பான்? மைனஸ் 40இல் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கும் உனக்கும் தெரியும்: இன்ஜின் ஹீட்டரைச் செருகு, தனியாக வண்டி எடுக்காதே, டிக்கியில் தூக்கப்பை வை. பாட்டி நம்மை உட்கார வைத்துச் சொன்னது. டிசம்பர் மழைக்கு என்ன செய்ய வேண்டும் என்று பாட்டிக்கே தெரியவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். டிசம்பரில் வராதே. மைனஸ் 40 கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. வழுக்கி விழுந்து பையன் கையை உடைத்துக்கொண்டால் அம்மா என்னைச் சும்மா விட மாட்டார்கள். அடுத்த மார்ச்சில் வா. பகல் ஒரு நாளைக்கு ஏழு நிமிடம் வீதம் நீள்கிறது, இரவில் மைனஸ் 20, பகலில் கண் கூசும் வெயில், இரவு வானில் ஒளிரும் அரோராவும் இருக்கும். போட்டோவுக்கு போர்டில் மைனஸ் 40 இல்லாவிட்டால் பரவாயில்லை, பனிக்குழியில் அவனை இறக்கி அடுக்குகளைக் காட்டுகிறேன். பள்ளிக்கு லீவு கிடைக்காது என்று சாக்குச் சொல்லாதே. காலணிக்கு மாட்டும் இரும்புமுள் பட்டை நான் வாங்கி வைக்கிறேன், கால் அளவு அனுப்பு.

இன்னொன்று. ஆற்று ஐஸ் எப்போது உடையும் என்று ஊகிக்கும் நெனானா ஐஸ் கிளாசிக் போட்டிக்குச் சீட்டு ஏப்ரல் 5 வரைதான். நீ வழக்கம்போல மே 5 என்பாய், ஆனால் 2019இல் ஏப்ரல் 14ஆம் தேதியே ஐஸ் உடைந்தது தெரியும்தானே? 1917 முதல் நடக்கும் போட்டியில் அவ்வளவு சீக்கிரம் உடைந்ததே இல்லை. இந்த வருடம் பனி கனமாக மூடியிருப்பதால் கொஞ்சம் தாமதமாகலாம் என்பது என் கணிப்பு. தேதி, மணி, நிமிடம் மூன்றையும் தெளிவாக எழுதி அனுப்பு. அம்மாவிடமும் ஒரு தேதி கேள், அவர்கள் பெயரிலும் ஒன்று போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
வசந்தி