சுவரைப் பூசுவதற்கு முன்னால்

அன்புள்ள நளினி,

இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் அதே பிடிவாதம், சின்னவன் அதே தூக்கம். உன் மூட்டுவலியைப் பற்றிக் கேட்டால் "அதுபாட்டுக்கு இருக்கு" என்பாய், அதனால் முரளியிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

நீ அனுப்பிய வீட்டுப் பிளானைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், எழுதத்தான் நேரம் வாய்க்கவில்லை. ஆனால் "அடுத்த வாரம் எலக்ட்ரீஷியன் பைப் போட்டு முடித்துவிடுவார், அப்புறம் பூச்சு வேலைதான்" என்று நேற்று எழுதியிருந்தாய் பார், அதைப் படித்ததும் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பூச்சு காய்ந்த பிறகு நான் என்ன சொல்லியும் பிரயோஜனம் இல்லை.

முதலில் பாராட்டு. பின்பக்கம் உட்காரும் தளத்தைச் சுவரிலிருந்து எட்டடி வெளியே நீளும்படி வைத்திருக்கிறாய், அது மிகச் சரி. நாலடியில் வைத்துவிட்டு யாருமே அங்கே போய் உட்காருவதில்லை என்று புலம்புகிறவர்களை எத்தனையோ பார்த்துவிட்டேன். இரண்டு நாற்காலி எதிரெதிரே போட்டு, நடுவில் ஒரு சின்ன மேசை வைத்து, காலை நீட்டி உட்கார ஆறடியாவது வேண்டும். விடுதி அறையில் கட்டில் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று வார்டனிடமே வாதாடி ஜெயித்தவள் ஆயிற்றே நீ!

சரி, இப்போது சண்டைக்கு வருகிறேன். பிளானின் ஓரத்தில் பென்சிலால் "வெளியே சுவிட்ச் வேண்டாம், எல்லாம் போனில்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை அழித்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

சுந்தரி அக்காவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அத்தான் போனதிலிருந்து அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். அத்தானின் கைவேலை உனக்குத் தெரியாததா! தோட்ட விளக்கு, வாசல் கேட், தொட்டி மோட்டார், செடிகளுக்குத் தண்ணீர், தளத்துக்கு மேலே சுருண்டு விரியும் துணிக்கூரை, எல்லாவற்றையும் தன் போனுக்குள் கொண்டுவந்து வைத்திருந்தார். அவர் இருந்தவரை அதைப் பார்ப்பதே ஓர் ஆனந்தம். இப்போது அந்த போனின் பூட்டு எண் யாருக்கும் தெரியவில்லை. கணக்குகள் எல்லாம் அவருடைய மின்னஞ்சலில். சாயங்காலம் ஆனால் தோட்டத்து விளக்குகள் அவர் வைத்த நேரத்துக்குத் தாமாகவே எரிகின்றன, ராத்திரி அவர் வைத்த நேரத்துக்கு அணைகின்றன. படுக்கையறை ஜன்னலுக்கு நேராக ஒரு விளக்கு. அது கண்ணில் அடிக்கிறது என்றாலும் அணைக்கச் சுவரில் சுவிட்ச் கிடையாது. மின்பெட்டியில் இருக்கும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கினால் வாசல் கேட்டும் சேர்ந்து நின்றுவிடும். "அவர் வெச்ச நேரத்துக்கு அதுபாட்டுக்கு எரியுதுடி. அணைக்க மனசும் வரலை, வழியும் தெரியலை" என்றாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

நல்ல எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். சில கருவிகள் பொத்தானை அழுத்திப் பிடித்ததும் பழையதை மறந்து புதிதாகச் சேர்ந்துகொண்டன. கேமரா மட்டும் அசையவில்லை. பழைய கணக்கிலிருந்து நீக்கினால்தான் இன்னொருவரை ஏற்குமாம். அதைக் கழற்றி வைத்துவிட்டோம். சுவிட்சுகள் போட மறுபடி சுவரைக் கொத்த வேண்டியதாயிற்று. அக்கா அந்த உடைந்த பூச்சைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் பார்த்துப் பார்த்துப் பூசச் சொன்ன சுவர்.

வீடு யாராவது ஒருவருடைய போனுக்குள் குடியிருக்கக் கூடாது, நளினி. எனக்குச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் அதற்காகத்தான் எழுதுகிறேன்.

போன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாதாரண சுவிட்சைப் போட்டு, அதற்குப் பின்னால் பெட்டிக்குள் ஒரு சின்ன ரிலேயை, அதாவது கட்டளை வந்தால் தானே தட்டிக்கொள்ளும் மின்சுவிட்சை, வைக்கச் சொல். கையால் தட்டினாலும் எரியும், போனில் சொன்னாலும் எரியும், இன்டர்நெட் போனாலும் எரியும். அதற்கு இரண்டு காரியம் இப்போதே நடக்க வேண்டும். ஒன்று, சுவருக்குள் புதைக்கும் பெட்டி ஆழமானதாக இருக்க வேண்டும், ரிலேக்கு இடம் வேண்டுமே. இன்னொன்று, ஒவ்வொரு சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் வயர், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வயர், வந்தாக வேண்டும். பழைய முறையில் மின்சாரம் கொண்டுவரும் பேஸ் வயர் மட்டும் வந்து, சுவிட்ச் வழியாக விளக்குக்குப் போய்விடும். ரிலேக்குள் இருக்கும் மின்னணுப் பொருள் எந்நேரமும் விழித்திருக்கக் கொஞ்சம் மின்சாரம் கேட்கும். நியூட்ரல் இல்லாவிட்டால் அந்தக் கொஞ்சத்தை விளக்கு வழியாகத்தான் இழுத்தாக வேண்டும். அதனால்தான் சில வீடுகளில் அணைத்த பிறகும் எல்.இ.டி. மங்கலாக மினுக்கிக்கொண்டே இருக்கிறது. வயர் இழுக்கும்போது கூட ஒரு வயர் இழுப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. பூசின பிறகு அதுதான் பெரிய வேலை.

ஸ்மார்ட் பல்பு வாங்கிப் போட்டால் போதாதா என்று முரளி கேட்பார். போதாது. பல்பு போனை மட்டும்தான் நம்பி இருக்கும். விருந்தாளி யாராவது பழக்கதோஷத்தில் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் பல்புக்கு உயிரே இல்லை, போனில் எத்தனை தட்டினாலும் எழுந்திருக்காது. கரன்ட் போய் வந்தால் நடுராத்திரியில் முழு வெளிச்சத்தோடு தானாக எரிய ஆரம்பிக்கும் பல்புகளும் உண்டு. மாற்றி அமைக்கலாம்தான், ஆனால் அந்த அமைப்பு இருப்பதே பலருக்குத் தெரியாது.

அப்புறம் உன் அப்பா. ராத்திரி எழுந்து பின்பக்கம் போகும்போது எந்தச் சுவரில் கை வைக்கிறார் என்று கவனித்துப் பார். சுவிட்ச் அங்கே இருக்கட்டும். அந்தக் கண்ணுக்கு போன் திரையில் விரல்நுனி அளவு படத்தைத் தேடச் சொல்லாதே.

எந்தக் கம்பெனிப் பொருள் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். கம்பெனியைவிட, கட்டளை எந்த வழியாகப் போகிறது என்று கேள். பல பொருள்களில் நீ போனில் விரலை வைத்ததும் கட்டளை எங்கோ தூரத்தில் இருக்கும் கம்பெனியின் சர்வருக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்து, உன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் விளக்கை ஏற்றும். அந்த சர்வர் நின்றால் எல்லாம் நின்றது. கற்பனை பண்ணிச் சொல்லவில்லை. வீட்டுக் கருவிகளை இயக்கும் ரிவால்வ் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டியை விற்ற கம்பெனியை 2014இல் நெஸ்ட் என்ற கம்பெனி வாங்கியது, 2016 மே மாதம் அந்தச் சேவையையே மூடிவிட்டது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் வெறும் பெட்டி. 2022 ஏப்ரலில், இதே மாதிரி வீட்டுக் கருவிகளை விற்ற இன்ஸ்டியான் கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுபோயின. போனில் ஒன்றும் நடக்கவில்லை, சுவர் சுவிட்சுகளைத் தட்டினால் மட்டும் விளக்கு எரிந்தது. அந்தச் சுவிட்சுகள் இருந்ததால் அந்த வீடுகள் இருட்டில் கிடக்கவில்லை. பயன்படுத்தியவர்களே சேர்ந்து பிறகு அந்தக் கம்பெனியை வாங்கி உயிர் கொடுத்தார்கள். எல்லாருக்கும் அப்படி அமையுமா?

அதனால் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் பொருளாகப் பார்த்து வாங்கு. இந்த மாதிரி வீட்டுக் கருவிகளுக்கு மேட்டர் என்று ஒரு பொதுத்தரம் 2022 அக்டோபரில் வந்தது. ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்டது. அந்தக் குறி உள்ள பொருள்கள் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே வேலை செய்யும், ஒரே பொருளை ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகளில் சேர்க்கவும் முடியும். கருவிகள் வயர் இல்லாமல் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஜிக்பீ என்ற முறையும் நல்லதுதான். முரளிக்கு நோண்டுவதில் ஆசை இருந்தால் ஹோம் அசிஸ்டன்ட் இருக்கிறது, வீட்டுக் கருவிகளை ஒரே இடத்திலிருந்து இயக்க 2013இலிருந்து வளர்ந்துவரும் திறமூல மென்பொருள், ஒரு சின்னக் கணினி போதும். ஆனால் ஒரு நிபந்தனை: அவர் செய்வதையெல்லாம் உனக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும், நிர்வாகி என்ற இடத்தில் உன் பெயரும் இருக்க வேண்டும். கடவுச்சொல்லை எல்லாம் ஒரு தாளில் எழுதி, பத்திரங்களோடு சேர்த்து வை. அக்கா வீட்டில் அந்த ஒரு தாள் மட்டும் இருந்திருந்தால்!

இப்போது தோட்டத்துக்கு வருகிறேன், இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது என்று உனக்குத்தான் தெரியுமே. தரைக்கடியில் காலிப் பைப்புகளைப் போட்டு வை. இன்றைக்குத் தேவை இல்லாத மூலைக்கும் ஒன்று போகட்டும், உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு வை, நாளைக்கு வயர் இழுக்க உதவும். மின்சாரத்துக்கு ஒரு பைப், நெட்வொர்க் கேபிளுக்குத் தனிப் பைப். கான்கிரீட் சுவர் வைஃபையைத் தின்றுவிடும். வைஃபையின் அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் சீக்கிரம் செத்துப்போகும், 2.4 கொஞ்சம் தாங்கும். தளத்தின் கூரைக்கடியில் கேபிள் இழுத்து வைஃபை தரும் அக்சஸ் பாயின்ட் ஒன்றை அங்கேயே வைத்தால் அந்தக் கவலையே இல்லை.

வெளி இணைப்புகள் எல்லாவற்றுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் கருவி, கட்டாயம். ஈரக்காலோடு நடக்கிற இடம், இதில் விட்டுக்கொடுக்காதே. விளக்குகளை 24 வோல்ட்டில் ஓட்டு. 12 வோல்ட்டைவிட மின்னோட்டம் பாதியாகிவிடும், நீளமான வயரின் கடைசியில் இருக்கும் விளக்கு சோர்ந்துபோகாது. பெட்டியில் ஐ.பி. எண்ணைப் பார்த்து வாங்கச் சொல். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 44 தெறிக்கும் தண்ணீரைத்தான் தாங்கும், 65 குழாய்நீர் பீய்ச்சலைத் தாங்கும், தரையில் பதிக்கும் விளக்குக்கு 67 வேண்டும். அக்கா வீட்டில் ஒரு ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து பார்த்தோம். மூடிக்கு உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர், செம்புக்கம்பி பச்சை பூத்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. வயர் மேற்பக்கமாக நுழைந்திருந்தது, அதைப் பிடித்துக்கொண்டே மழைநீரும் உள்ளே போயிருக்கிறது. வயர் எப்போதும் கீழ்ப்பக்கமாக நுழைய வேண்டும், நுழைவதற்கு முன் கொஞ்சம் கீழே தொங்கிவிட்டு மேலே ஏற வேண்டும், அப்போது தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

விளக்குகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறை. பிளானில் மரத்துக்கு மரம் ஒன்று போட்டிருக்கிறாய். பின்பக்கம் திருமண மண்டபம் மாதிரி ஆகிவிடும், ஒரு நட்சத்திரம் தெரியாது. படிக்கட்டில் ஒவ்வொரு படியின் முகத்திலும், கணுக்கால் உயரத்தில், பல்பு கண்ணுக்குத் தெரியாமல் வெளிச்சம் மட்டும் அடுத்த படியில் விழும்படி வை. அப்பாவுக்குப் படி தெரியும், கண் கூசாது. மரத்தைக் கீழிருந்து மேலே அடிக்கும் விளக்கு வேண்டவே வேண்டாம், வெளிச்சத்தில் பெரும்பகுதி வானத்துக்குத்தான் போகும். இரவு வானத்துக்காகப் பாடுபட 1988இல் தொடங்கிய ஓர் அமைப்பு இருக்கிறது, டார்க்ஸ்கை என்று இப்போது பெயர். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் ஏற ஏற நீலம் கூடும். வெளிவிளக்கு 3000 கெல்வினுக்கு மேல் போக வேண்டாம் என்பது அவர்கள் கருத்து. நான் 2700க்குப் போ என்பேன். நீலவெளிச்சம் கூடக்கூடப் பூச்சிகளும் கூடும், உன் தலையைச் சுற்றித்தான் கூடும். போனில் இயக்குவதால் கிடைக்கும் நிஜமான நன்மை இங்கேதான்: மங்க வைக்கலாம், ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் அணைய வைக்கலாம், சூரியன் மறையும் நேரம் மாற மாற அதுவும் மாறிக்கொள்ளும். இதற்கெல்லாம் போன் வைத்துக்கொள், நானும் கைதட்டுகிறேன்.

தளத்துக்கு மேலே வரும் பெர்கோலா கூரையின் திரும்பும் பலகைகளுக்குக் காற்று உணரி ஒன்றும் மழை உணரி ஒன்றும் சேர்த்தே வாங்கு. கரன்ட் இல்லாதபோது கையால் திருப்ப ஒரு கைப்பிடி இருக்கிறதா என்றும் பார்.

செடிக்குத் தண்ணீரா? சொட்டுநீர், விடியற்காலை நேரம், மண்ணில் ஓர் ஈரப்பத உணரி. நன்றாக நடக்கும். ஆனால் "தண்ணீர் விடப்பட்டது" என்று போன் சொன்னால் வால்வு திறந்தது என்றுதான் அர்த்தம். சொட்டுவாய் உப்புப் படிந்து அடைத்திருந்தால் வேருக்கு ஒன்றும் போயிருக்காது. அப்பா காலையில் தோட்டத்தைச் சுற்றி வருகிறார் அல்லவா, அது நிற்கக் கூடாது. வால்வுக்குப் பக்கத்தில் கையால் திறக்கும் குழாய் ஒன்றும் இருக்கட்டும்.

கேமரா விஷயம் சுருக்கமாக. வாசலுக்கு ஒன்று போதும், உட்காரும் இடத்துக்கு வேண்டாம். நாம் வாய்விட்டுப் பேசும் இடத்தில் எதற்குக் கண்ணும் காதும்? பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்று. 2016இல் மிராய் என்ற தீங்குநிரல் மாற்றப்படாத கடவுச்சொல்களை வைத்துத்தான் கேமராக்களையும் ரவுட்டர்களையும் கூட்டங்கூட்டமாகப் பிடித்து, பெரிய பெரிய இணையதளங்களையே முடக்கியது. பிரிட்டனில் அப்படிப்பட்ட பொதுக் கடவுச்சொல்லோடு விற்பதையே 2024 ஏப்ரல் முதல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். இந்தக் கருவிகளுக்கு என்று தனி வைஃபை நெட்வொர்க் அமைத்துவிடு, உன் கணினியும் அவையும் ஒன்றாக இருக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பூச்சுக்காரர் வருவதற்கு முந்தின நாள், ஒவ்வொரு சுவருக்கும் தரைக்கும் ஓர் அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடு. எந்தப் பைப் எந்த உயரத்தில், எந்த மூலையிலிருந்து எவ்வளவு தூரத்தில் போகிறது என்று தெரிய வேண்டும். அதில் ஒரு பிரதி எனக்கு, ஒரு பிரதி உன் மகளுக்கு. எலக்ட்ரீஷியன் நியூட்ரல் எதற்கு என்று கேட்டால் போனை அவரிடம் கொடு, நான் பேசிக்கொள்கிறேன். சுந்தரி அக்காவுக்கும் ஒருமுறை கூப்பிடு, உன்னை விசாரித்தாள்.

அன்புடன்,
கலா