படத்தில் இருப்பவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதம் கடந்த மனிதம் என்று டெல்டா வாசகர்கள் எடுத்து அனுப்பிய படங்களைச் சென்ற இதழில் பக்கம் பக்கமாகப் போட்டிருந்தீர்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தேன். நாகப்பட்டினத்தில் பல வருடம் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவன் நான், பிலிம் காலத்து ஆள். கொஞ்சம் தொழில் புத்தியோடுதான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முயற்சி நல்லது. செல்போன் வைத்திருக்கிற யாரும் அனுப்பலாம் என்றது அதைவிட நல்லது. ஆனால் வந்ததில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி. குல்லா போட்ட ஒரு பையன், விபூதி பூசிய ஒரு பையன், கழுத்தில் சிலுவையோடு ஒரு பையன், மூவரும் தோளில் கை போட்டுச் சிரிக்கிறார்கள். இல்லாவிட்டால் நாகூர் தர்காவின் பெரிய மினாரா, வேளாங்கண்ணிக் கோபுரம், சிக்கல் முருகன் கோயில் கோபுரம் மூன்றையும் கம்ப்யூட்டரில் ஒட்டவைத்த படம். பள்ளிக்கூட ஆண்டுவிழா மாறுவேடப் போட்டிதான் ஞாபகம் வந்தது. இத்தனைக்கும் அந்த 131 அடி மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப் சிங். அதை மட்டும் எடுத்து, கீழே இந்த ஒரு வரியைப் போட்டிருந்தால் ஒட்டுவேலையே தேவைப்பட்டிருக்காது.

எங்கள் ஸ்டூடியோவுக்கு அதிகம் வந்தவர்கள் மொட்டைக் குழந்தைகள். தலையில் பூசிய சந்தனம் காயாமல் நெற்றியில் வழியும், பிள்ளை வீறிடும், கேமராவுக்குப் பின்னால் நின்று அப்பா கிலுகிலுப்பை ஆட்டுவார். கழுவிய பிரிண்டைப் பார்த்து அது வேளாங்கண்ணி மொட்டையா, நாகூர் மொட்டையா, வைத்தீஸ்வரன்கோயில் மொட்டையா என்று யாராலும் சொல்ல முடியாது. பில் புத்தகத்தில் பெயரைப் பார்த்தாலும் பிடிபடாது. முருகன் பெயர் வைத்த பிள்ளைக்கு நாகூரில் முடி இறக்கியிருப்பார்கள். கேட்டால், காய்ச்சல் விடவில்லை, வேண்டிக்கொண்டோம் என்பார்கள், அவ்வளவுதான். அதற்கு நல்லிணக்கம் என்றெல்லாம் அவர்கள் பேர் வைத்துக்கொள்ளவில்லை. அப்படி ஒரு படம்கூட உங்களுக்கு வரவில்லையா, அல்லது வந்தும் சாதாரணமாக இருக்கிறது என்று ஒதுக்கிவிட்டீர்களா?

இந்த யோசனை உலகத்துக்குப் புதிதில்லை. 1955-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் எட்வர்ட் ஸ்டைகன் என்ற போட்டோக்காரர் 68 நாடுகளின் 503 படங்களை மாட்டி, மனித குலம் ஒரே குடும்பம் என்று ஒரு கண்காட்சி வைத்தார். காதல், பிரசவம், வேலை, சாவு என்று வரிசை. உலகமெல்லாம் சுற்றிவிட்டு இப்போது லக்ஸம்பர்க்கில் ஒரு கோட்டையில் நிரந்தரமாக இருக்கிறது. அதைப் பாரீஸில் பார்த்த பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த் (Roland Barthes) ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாரும் பிறக்கிறார்கள், சாகிறார்கள், சரி; எந்த நிலைமையில் பிறக்கிறார்கள், எப்படிச் சாகிறார்கள் என்பதை இந்தப் படங்கள் பேசாமல் விட்டுவிடுகின்றன என்பது அவருடைய வாதம்.

எனக்கு அவர் பக்கம்தான் சாய்வு. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிந்து செத்தார்கள். கூலி நெல் கூடுதலாகக் கேட்டதிலும் சங்கம் வைத்ததிலும் பண்ணையார்களோடு வந்த பகை. மதத்துக்கு அதில் வேலையே இல்லை. மூன்று மதத்தை ஒரு ஃபிரேமில் நிற்கவைக்க ஐந்து நிமிடம் போதும், ஆனால் ஊர்த்தெருவும் காலனித்தெருவும் சேர்ந்து நிற்கிற படம் உங்கள் பக்கங்களில் ஒன்றுகூட இல்லை. கல்யாண குரூப் போட்டோ எடுத்தவனுக்கு இது நன்றாகத் தெரியும். வயலில் வேலை செய்யும் குடும்பம் பந்தல் காலோடு நின்றுவிடும், மேடைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். அவர்களையும் வரச் சொல்லுங்கள் என்று போட்டோக்காரன் வாய் திறந்தால் பாக்கிப் பணம் வந்து சேராது.

அப்புறம் இந்தப் பெயர் விஷயம். ஒவ்வொரு படத்துக்கும் எடுத்தவர் பெயர் இருக்கிறது. எடுக்கப்பட்டவர் வெறும் ‘நாற்று நடும் மூதாட்டி’, ‘தர்கா வாசலில் ஒரு பக்தர்’. அந்த மூதாட்டிக்குத் தன் படம் பத்திரிகையில் வந்தது தெரியுமா? ஒரு பிரிண்டாவது போயிற்றா?

ஒரு பிரிண்டுக்கு என்ன மதிப்பு என்று 2004 சுனாமிக்கு அப்புறம் பார்த்தேன். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் ஜனங்கள் பழைய நெகட்டிவ் இருக்கிறதா என்று தேடி வந்தார்கள். வீட்டோடு ஆல்பமும் போய்விட்டது, மாலை போடப் படம் இல்லை. ஒரு அம்மா பள்ளிக்கூட குரூப் போட்டோ ஒன்றைக் கொண்டுவந்து மூன்றாவது வரிசையில் விரல் வைத்தார். உளுந்து அளவு முகம். பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகத்தான் வரும் என்றேன். “வந்தாப் போதும்ணே” என்றார். டச்சிங் செய்து மூக்கு, வாயைத் திருத்தித் தருகிறேன் என்றதற்கு, வேண்டாம், வேறு பிள்ளையாகிவிடும் என்று தடுத்துவிட்டார். நாகூரிலிருந்து வந்த பாய் ஒருவர், நாங்கள் சுவரில் மாட்டுவதில்லை, பெட்டிக்குள் வைத்துக்கொள்ள பாஸ்போர்ட் சைஸ் போதும் என்றார். அதற்காக ஒற்றைப் பிரிண்ட் போட்டேன். அழுகை எல்லாருக்கும் ஒன்றுதான், ஆனால் படம் போய்ச் சேருகிற இடம் வீட்டுக்கு வீடு வேறு. இப்படிப்பட்ட வித்தியாசத்தை எல்லாம் அழித்துவிட்டு எல்லாரும் ஒன்று என்று காட்டினால் எனக்கு என்னவோ அது பாதிப் படமாகத்தான் படுகிறது.

அடுத்த தடவை போடும்போது, படத்தில் இருப்பவரைக் கேட்டு, அவர் சம்மதித்தால் பெயரும் ஊரும் போடுங்கள். மூன்று நான்கு எடுத்து, எதைப் போடலாம் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். ஒரு பிரிண்ட் அவர் வீட்டுக்குப் போகட்டும், உங்கள் அலுவலகச் செலவில் அது ஒரு பெரிய காசில்லை.

டெல்டாவில் மூடிப்போன ஸ்டூடியோக்காரர்களையும் விசாரியுங்கள். பெட்டி பெட்டியாக நெகட்டிவ் கிடக்கிறது, கடல் காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிப் பூஞ்சை பிடிக்கிறது. என்னிடமும் இருக்கிறது. உரிய குடும்பத்தாரைக் கேட்டுக்கொண்டு தரத் தயார். ஐப்பசிக்கு முன்னால் யாரையாவது அனுப்புங்கள். மழை பிடித்துவிட்டால் அந்தப் பெட்டிகளைத் திறக்க முடியாது.

இப்படிக்கு,
ஒரு பழைய ஸ்டூடியோக்காரன்,
நாகப்பட்டினம்.